ஐயத்தைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள்: ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதித் தளத்தை மூன்று வாரம் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

என் அக்கா மகள் சென்ற ஆண்டு முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றாள். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், தன் பேராசிரியர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து வியந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். கட்டுரையின் முடிவுகள் ‘இன்கிரெட்யுலஸ்’ ஆக இருப்பதாகவும், மூன்றாம் பகுதியில் தனக்குச் சில ‘டவுட்’கள் இருப்பதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தாள். மறுநாள் வந்த பதிலில் பேராசிரியர், தம் தரவுகள் எவ்வாறு திரட்டப்பட்டன, அவற்றை ஏன் நம்பலாம் என்று மூன்று பத்திகளில் பொறுமையாக விளக்கிவிட்டு, எந்த முடிவை அவளால் ஏற்க முடியவில்லை என்று கேட்டிருந்தார். அன்றிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்து, “சித்தி, நான் பாராட்டித்தானே எழுதினேன்? ரெண்டு கேள்விதானே கேட்டேன்? அவர் ஏன் இப்படி எழுதியிருக்கார்?” என்றபோது அவள் குரல் கம்மியிருந்தது.

அவள் எழுதியதில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டுமே நம்மில் பலர் செய்யக்கூடியவை. ‘இன்கிரெடிபிள்’ என்றால் நம்பமுடியாதது, வியப்புக்குரியது. ‘இன்கிரெட்யுலஸ்’ என்றால் நம்ப மறுப்பவர், கேட்டதை நம்பாமல் விழிப்பவர். முன்னது செய்தியைப் பற்றிய சொல். பின்னது அந்தச் செய்தியைக் கேட்டவரைப் பற்றிய சொல். ‘டவுட்’ என்பதோ நம் வகுப்பறைகளில் ‘கேள்வி’ என்ற பொருளிலேயே வேரூன்றிவிட்டது. “சார், ஒரு டவுட்” என்று கையைத் தூக்கித்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் இங்கிலாந்தில் ஒருவரிடம் உங்கள் கட்டுரையில் எனக்கு ‘டவுட்’ இருக்கிறது என்று சொன்னால், நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை என்றுதான் அவர் புரிந்துகொள்வார். பாராட்டும் கேள்வியுமாகப் புறப்பட்ட கடிதம், அவநம்பிக்கையும் மறுப்புமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

‘இன்கிரெட்யுலஸ்’ என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியைச் சொன்னாள். அதன் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ‘இன்கிரெடிபிள்’, ‘இன்கிரெட்யுலஸ்’ இரண்டுக்கும் எதிரே ‘நம்பமுடியாத’ என்று ஒரே விடைதான் இருந்தது. ‘டவுட்ஃபுல்’, ‘டூபியஸ்’, ‘சஸ்பிஷஸ்’, ‘குவெஸ்சனபிள்’ ஆகிய நான்கையும் தேடச் சொன்னேன். நான்கிற்கும் ‘சந்தேகமான’ என்றே வந்தது. நான்கு பூட்டுகளின் சாவிகளையும் பெயர் எழுதாமல் ஒரே ஆணியில் மாட்டிவைத்தால் வீட்டுக்காரர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாடுதான் அவள் பட்டிருக்கிறாள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். நாள் முழுவதும் அகராதிகளோடு புழங்குகிறவள் என்ற முறையில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கற்போர் அகராதித் தளத்தை அன்றிரவே அவளுக்குக் காட்டினேன். அதன்பின் மூன்று வாரங்கள், ஞாயிறுதோறும் மாலையில், நம்பாமையையும் ஐயத்தையும் சொல்லும் பெயரடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் அந்தத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினோம். இருபத்தைந்து சொற்களுக்கு மேல் பார்த்திருப்போம். ஓர் அகராதியின் தரத்தைச் சோதிக்க இதைவிடக் கடினமான சொற்குடும்பம் அதிகம் இல்லை. ‘நாற்காலி’ போன்ற சொற்களுக்கு எந்த அகராதியும் சரியான பொருளைச் சொல்லிவிடும். ஐயத்தின் நிறங்களைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதில்தான் நல்ல அகராதி தெரியும்.

இந்த அகராதியின் வேர் இருப்பது ஜப்பானில். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-இல் ஆங்கிலம் கற்பிப்பதற்காக ஜப்பான் சென்றார். அங்கே ஹெரால்டு பால்மர் என்ற மொழிக் கற்பித்தல் அறிஞரோடு சேர்ந்து ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்தார். ஆங்கிலத்தை வேற்று மொழியாகக் கற்பவருக்குச் சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அது வாக்கியத்தில் எங்கே நிற்கும், எந்த முன்னிடைச்சொல்லை (‘ப்ரெபொசிஷன்’) துணைக்கு அழைக்கும் என்பதும் தெரிந்தாக வேண்டும் என்பது அந்தப் பணியின் அடிப்படை. அந்த எண்ணத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்த அகராதி 1942-இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. 2020-இல் பத்தாம் பதிப்பு வந்தது. அதன் சொற்பதிவுகளை இன்று இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பக்கத்தில் விளம்பரங்கள் இருக்கும், அவ்வளவுதான். இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட அகராதிகள், படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணிச் சொல்லாமல் விடும் செய்திகள்தாம் நமக்குத் தேவையானவை. ஹார்ன்பியின் வழிவந்த இந்த அகராதி அவற்றைத்தான் முதலில் சொல்கிறது.

‘டூபியஸ்’ என்ற சொல்லின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று பொருள்கள் எண்ணிட்டு வருகின்றன. முதல் பொருள், ஒரு விஷயம் நல்லதா கெட்டதா என்று தெளியாமல் சற்று ஐயத்தோடு இருக்கும் மனநிலை. அதற்கான விளக்கத்துக்கு முன்பே, இது ஆளைப் பற்றியது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. இந்தப் பொருளில் இச்சொல் வழக்கமாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது என்று இன்னொரு குறிப்பும் உண்டு. கண்ணில் படாமல் கடந்துபோகக்கூடிய இந்த இரண்டு குறிப்புகளில்தான் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தத் திட்டம் பற்றி நான் ‘டூபியஸ்’ ஆக இருந்தேன் என்று வினைக்குப் பின்னால் வைத்தால், ஐயம் என்னிடம் இருக்கிறது. ‘டூபியஸ்’ மனிதர் என்று பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால், ஐயப்படுகிற மனிதர் ஒரே நொடியில் ஐயத்துக்குரிய மனிதராகிவிடுகிறார். இரண்டாம் பொருளுக்கு இகழ்ச்சிக் குறிப்பு என்ற முத்திரை இருக்கிறது. நேர்மையற்றவையாகத் தோன்றும் வியாபார முறைகளைச் சொல்லும் இடம் அது. மூன்றாவது, பயன் தருமா என்று உறுதியில்லாத ஒன்றைச் சொல்வது. யாரும் விரும்பி ஏற்காத ‘பெருமை’யைக் குத்தலாகச் சொல்லும்போது ‘டூபியஸ் ஆனர்’ என்பார்கள் என்பதும் இதன் கீழேயே வருகிறது. தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்றில் ஒருவர் தமக்குக் கிடைத்த விருதைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடரை நல்ல பொருளில் கையாண்டிருந்ததை நான் ஒருமுறை திருத்தியிருக்கிறேன். அவர் இந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

ஆளைப் பற்றியது என்ற அந்தக் குறிப்புக்காகவே இந்தத் தளத்தை நான் பரிந்துரைப்பேன். ஐயத்தைச் சொல்லும் எந்தப் பெயரடை எதிர்ப்பட்டாலும், ஐயம் யாரிடம் இருக்கிறது, எதன்மேல் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ‘இன்கிரெட்யுலஸ்’, ‘டிஸ்பிலீவிங்’, ‘ஸ்கெப்டிகல்’, ‘அன்கன்வின்ஸ்டு’ ஆகியவை ஐயப்படுகிறவர் பக்கம் நிற்கின்றன. ‘இன்கிரெடிபிள்’, ‘இம்ப்ளாசிபிள்’, ‘குவெஸ்சனபிள்’, ‘அன்கன்வின்சிங்’ ஆகியவை ஐயத்துக்கு ஆளாகும் பொருளின் பக்கம் நிற்கின்றன. தொல்லை தருபவை இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய ‘டவுட்ஃபுல்’, ‘டூபியஸ்’, ‘சஸ்பிஷஸ்’ என்னும் மூன்றும்தான். அந்தக் காவலர் ‘சஸ்பிஷஸ்’ ஆக இருந்தார் என்று மட்டும் ஒருவர் எழுதினால், காவலர் யாரையோ சந்தேகித்தாரா, காவலரின் நடத்தையே சந்தேகத்தைக் கிளப்பியதா என்று சொல்ல முடியாது. பின்னால் ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லும் ஒரு பெயரும் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும், அவர்தான் சந்தேகிக்கிறார். தளம் இந்த இணைப்பைத் தடித்த எழுத்தில் தனியே எடுத்துக் காட்டிவிட்டுத்தான் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கே போகிறது.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வேண்டிய கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. ‘சந்தேகத்துக்கிடமான முறையில் நின்றுகொண்டிருந்தார்’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது பொருள் ஐயமின்றி விளங்குகிறது. ‘சந்தேகப்படும்’, ‘ஐயங்கொண்ட’ என்றால் ஆள். ‘சந்தேகத்துக்குரிய’, ‘ஐயத்துக்கிடமான’ என்றால் பொருள். ‘நம்பாத’, ‘நம்பமுடியாத’ என்ற இணையில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘யாரையும் நம்பாத மனிதர்’ என்றால் நம்பாதவர் அவரே. ‘ஊரே நம்பாத மனிதர்’ என்றால் நம்பப்படாதவர் அவர். நம் பெயரெச்சம் இரண்டுக்கும் ஒரே வடிவத்தில் நிற்கிறது, முன்னால் வரும் சொல்லை வைத்தே நாம் பொருள் கொள்கிறோம். அந்தச் செயலி ‘நம்பாத’, ‘நம்ப மறுக்கும்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டிருந்தாலே என் அக்கா மகள் தப்பித்திருப்பாள். இலவசச் செயலிகளைச் செய்கிறவர்கள், அவற்றை நம்பி ஒருவர் தம் வாழ்க்கையின் முக்கியமான கடிதம் ஒன்றை எழுதக்கூடும் என்பதை மனத்தில் வைத்துப் பணியாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி தீர்ந்ததும் இரண்டாவது ஒன்று வருகிறது. மனம் எந்தப் பக்கம் சாய்கிறது? தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லை எதிரெதிரான இரண்டு சாய்வுகளுக்கும் வைத்திருக்கிறோம். ‘அவன் வருவானா என்பது சந்தேகம்தான்’ என்றால், வரமாட்டான் என்று நினைக்கிறோம். ‘பணத்தை அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்’ என்றால், எடுத்திருப்பான் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘டவுட்’, இரண்டாவது ‘சஸ்பெக்ட்’. பணத்தை அவன் எடுத்தான் என்பதை நான் ‘டவுட்’ செய்கிறேன் என்று ஒருவர் எழுதினால், அவன் எடுத்திருக்கமாட்டான் என்று அவனுக்காகப் பரிந்து பேசியதாகிவிடும். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்பதற்கு அஞ்சுதல், அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுதல் ஆகிய பொருள்களும் இருந்தன. ஸ்காட்லாந்தில் இன்றும் அவ்வாறு பேசுவார்கள். ஆகவே நம் பயன்பாட்டை அறியாமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் இன்றைய பொது ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர் இந்தச் சாய்வைத் தவறவிட்டால் பழி இடம் மாறிப் போய்விடும். பெயரடைகளிலும் இதே கதைதான். ‘டவுட்ஃபுல்’ என்பது இல்லை என்ற பக்கம் சாய்வது. ‘சஸ்பிஷஸ்’ என்பது ஏதோ தவறு இருக்கிறது என்ற பக்கம் சாய்வது. கிரிக்கெட்டு, கால்பந்துச் செய்திகளில் காயமடைந்த ஆட்டக்காரரை அடுத்த ஆட்டத்துக்கு ‘டவுட்ஃபுல்’ என்று எழுதுவார்கள். அந்தப் பயன்பாட்டையும் தளம் தருகிறது, அவர் ஆடமாட்டார் என்பதே பெரும்பாலும் பொருள் என்றும் சொல்லிவிடுகிறது.

எந்தப் பக்கமும் சாயாத நிலையும் உண்டு. நன்னூல் வினாக்களை ஆறாகப் பிரிக்கும்போது அவற்றுள் ஒன்றை ஐயவினா என்கிறது. ‘பாம்போ கயிறோ’ என்று இருட்டில் நின்று கேட்பது அது. அங்கே மனம் நடுவில் நிற்கிறது. ‘டூபியஸ்’ என்ற சொல்லுக்குத் தளம் தரும் சொல்வரலாறு, ஐயம் என்ற பொருளுள்ள ‘டூபியம்’ என்ற இலத்தீன் சொல்லில் போய் முடிகிறது. இரண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘டுவோ’வோடு அதற்கு உறவு உண்டு. இருமனமாக இருப்பது என்று நாம் சொல்வதும் அதையேதான். இத்தகைய இடங்களில் அகராதியைப் பார்க்கும் வேலை பாடமாக இல்லாமல் மகிழ்ச்சியாக மாறிவிடுகிறது. என் அக்கா மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொல்வரலாறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஸ்கெப்டிகல்’ என்ற சொல் கிரேக்க மொழியில் உற்று நோக்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. பிர்ரோ என்ற மெய்யியலாளரைப் பின்பற்றியவர்களை அவ்வாறு அழைத்தார்கள். ‘சினிகல்’ என்ற சொல்லோ நாய் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. இந்த வேர்கள் தெரிந்தால் இரண்டுக்குமுள்ள வேறுபாடு மறக்காது. சான்று கேட்கிறவர் ‘ஸ்கெப்டிகல்’. சான்று வருவதற்கு முன்பே, மனிதர்கள் எல்லோரும் தன்னலத்துக்காகத்தான் எதையும் செய்கிறார்கள் என்று முடிவு கட்டியவர் ‘சினிகல்’. முன்னது ஓர் அறிவியலாளருக்குப் பாராட்டாகக்கூட அமையும். பின்னது யாருக்கும் பாராட்டாகாது. தமிழில் இரண்டையும் ‘அவநம்பிக்கை’ என்று மொழிபெயர்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நாம் விட்டுவிட வேண்டும்.

நம்பாமை பாராட்டாக மாறும் விந்தையும் இந்தச் சொற்குடும்பத்தில் நிகழ்கிறது. இந்தியச் சுற்றுலா அமைச்சகம் 2002-இல் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ என்ற பெயரில் விளம்பரத்தைத் தொடங்கியபோது, நம்பத்தகாத நாடு என்று யாரும் பொருள் கொள்ளவில்லை. நாமும் ஒரு நல்ல செய்தியைக் கேட்டால் ‘நம்பவே முடியலையே’ என்றுதான் சொல்கிறோம். தளம் இந்தப் பாராட்டுப் பொருளைத் தனி எண்ணிட்டுக் கொடுத்து, பேச்சு வழக்கு என்ற முத்திரையையும் வைக்கிறது. ஆய்வேட்டிலும் அலுவலகக் கடிதத்திலும் அதைத் தவிர்க்கலாம் என்பதற்கு அந்த முத்திரை போதுமான குறிப்பு. ‘அன்பிலீவபிள்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் பாராட்டு. ஒருவரின் முகத்துக்கு நேரே, நீ ‘அன்பிலீவபிள்’ என்று பெருமூச்சோடு சொன்னால் பெரும்பாலும் வசை. நாம் ‘நீயெல்லாம் ஒரு ஆளா’ என்போமே, அந்தத் தொனி. எழுத்தில் தொனி கேட்காது என்பதால், ஆளைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

அவளுக்கு ஆறுதலாக இன்னொன்றையும் சொன்னேன். ‘இன்கிரெட்யுலஸ்’ என்பதை நம்பமுடியாதது என்ற பொருளில் ஷேக்ஸ்பியரே ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் கையாண்டிருக்கிறார். பிறகு அந்தப் பொருள் வழக்கிழந்து போனது. இன்று யாராவது அவ்வாறு எழுதினால் பிழை என்றே பெரும்பாலோர் கொள்வார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் அவளுடைய கடிதத்தில் ஒரு பிழை குறைந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கே மனம் லேசானது.

ஒலிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை குறையுடையதாகிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பிரித்தானிய ஒலிப்பு, அமெரிக்க ஒலிப்பு என இரண்டு ஒலிபெருக்கிப் படங்கள் இருக்கின்றன. தொட்டால் மனிதக் குரலில் சொல் ஒலிக்கிறது. ஐயச் சொற்களுக்கு இது மிகவும் வேண்டியது. ‘ஸ்கெப்டிகல்’ என்ற சொல்லைப் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் பார்க்கும் நம்மவர்கள், ‘சயின்ஸ்’ என்ற சொல்லின் தொடக்கத்தைப் போலவே அதன் தொடக்கமும் இருப்பதைக் கண்டு ‘செப்டிகல்’ என்று படித்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது கழிவுநீர்த் தொட்டியை நினைவூட்டும். அமெரிக்கர்கள் ‘சி’க்குப் பதிலாக ‘கே’ எழுதுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ‘டவுட்’ என்ற சொல்லில் எழுதப்படும் ‘பி’ ஒலிக்காது. பிரெஞ்சு வழியாக அந்த எழுத்தில்லாமல் வந்த சொல்லுக்கு, இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்து அறிஞர்கள் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அதே வேரிலிருந்து வந்த ‘டூபியஸ்’, ‘இன்டூபிடபிள்’ ஆகியவற்றில் ‘பி’ முழுமையாக ஒலிக்கிறது. ‘இன்கிரெட்யுலஸ்’ என்பது பிரித்தானியரின் ஒலிப்பு. அமெரிக்கர் வாயில் அது ‘இன்கிரெஜலஸ்’ என்று வருகிறது. இரண்டு ஒலிபெருக்கிகளையும் அடுத்தடுத்துத் தொட்டுக் கேட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இந்த வேலையை எந்த அச்சு அகராதியாலும் செய்ய முடியாது.

நிகழ்தகவைச் சொல்லும் சொற்களில் எங்களுக்கு அதிகச் சிக்கல் இருக்கவில்லை. ‘அன்லைக்லி’, ‘இம்ப்ராபபிள்’ ஆகியவை நடக்கும் வாய்ப்புக் குறைவு என்று மட்டுமே சொல்கின்றன. ‘இம்ப்ராபபிள்’ என்று சொல்லப்படும் வெற்றி ஒன்று நடந்தும் முடிந்திருக்கலாம். ‘இம்ப்ளாசிபிள்’ என்றால் சொல்லப்படும் விளக்கமே பொருந்தவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் அது ‘ஃபார் ஃபெட்ச்டு’. ஏதோ இடிக்கிறது, வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்தால் ‘ஃபிஷி’; இதற்கும் பேச்சு வழக்கு முத்திரை உண்டு. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்ற பழமொழியில் வரும் கேட்பவர்தான் ‘கிரெட்யுலஸ்’. ‘இன்கிரெட்யுலஸ்’ அதன் மறுதலை என்று சொன்னதும் அவள் அதை மறக்கவே இல்லை.

இந்தத் தளம் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். இது ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் அகராதி. தமிழ்ச் சொல் கிடைக்காது. விளக்கங்களைத் தெரிந்தெடுத்த அடிப்படைச் சொற்களைக் கொண்டே எழுத வேண்டும் என்று விதி வைத்திருப்பதால் கல்லூரி மாணவருக்கு அவை எளிதில் விளங்கும். பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ வேண்டியிருக்கும். அகரவரிசை அகராதி என்பதால் ஒவ்வொரு சொல்லும் தன் பக்கத்தில் தனியே இருக்கிறது. இணைப்பொருட் சொற்களுக்குச் சுட்டிகள் இருந்தாலும், ஐயச் சொற்கள் அத்தனையையும் ஒரே பார்வையில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டுமானால் நாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் பொருள், நடுவில் இரண்டுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அது சேரும் முன்னிடைச்சொல். ‘ஸ்கெப்டிகல்’ என்றால் ‘அபவுட்’ அல்லது ‘ஆஃப்’, ‘இன்கிரெட்யுலஸ்’ என்றால் ‘அட்’, ‘அன்கன்வின்ஸ்டு’ என்றால் ‘பை’. தமிழ்ச் சொல் வளத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை நாடினோம். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான அந்த நூலையும் இணையத்தில் தேடிப் பார்க்க முடிகிறது. பொருளையும் பயன்பாட்டையும் இங்கே உறுதிசெய்துகொண்டு, பொருத்தமான தமிழ்ச் சொல்லை அங்கே தேர்ந்தெடுப்பது என்ற வரிசையை மாற்றாமல் கடைப்பிடித்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து நல்ல துணை. வரிசையை மாற்றி, தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கினால் மறுபடியும் ‘சந்தேகமான’ என்ற அதே ஆணிக்குத்தான் வந்து சேர்வோம்.

மூன்றாம் ஞாயிறன்று அவள் கேட்ட ஒரு கேள்வி இந்தப் பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. “நாம ‘டாக்டராம்’னு சொல்றோமே சித்தி, அந்த ‘ஆம்’முக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்றாள். தமிழர்கள் நம்பாமையைப் பெயரடையில் வைப்பது குறைவு. சொல்லின் வாலில் வைக்கிறோம். ‘வந்தானாம்’, ‘பார்த்தாளாம்’ என்பதில் சொன்னவர் பொறுப்பேற்காமல் ஒதுங்கி நிற்பது அந்த ஓரசையில் தெரிந்துவிடும். குரலை இழுத்தால் ‘ஆம்’ கேலியாகும், இழுக்காவிட்டால் வெறும் கேள்விப்பட்ட செய்தியாகும். ஆங்கிலத்தில் இதற்கு வால் இல்லை என்பதால் பெயரடைகளே அந்த வேலையையும் செய்கின்றன. தேடிப் பார்த்தபோது மூன்று கிடைத்தன. ‘அலெஜ்டு’ என்பது நீதிமன்றச் செய்திக்குரியது. சான்று இன்னும் காட்டப்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்தப் பக்கமும் சாயாது. ‘எனக் கூறப்படும்’ என்று நம் செய்தியாளர்கள் எழுதுவதற்கு நேரானது. ‘சப்போஸ்டு’ என்பதில் நம்பாமை லேசாக எட்டிப் பார்க்கும். ‘சோ-கால்டு’ என்பதில் அது வெளிப்படையாக வந்து நிற்கும். அந்தப் பெயருக்கு இவர் தகுதியானவர் அல்லர் என்பதே சொல்பவரின் கருத்து. இழுத்துச் சொல்லும் ‘டாக்டராம்’ அதுதான். ‘சோ-கால்டு’ என்பதற்கு, வழங்கும் பெயரை அறிமுகப்படுத்துவது என்ற கேலியற்ற பொருளும் உண்டு என்று தளம் இரண்டாவதாகக் குறிப்பிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பொருளில் வந்தால் புண்பட வேண்டியதில்லை. நம் ‘ஆம்’ சொல்லின் கடைசியில் ஒட்டுவது. இந்த மூன்றுமோ பெயருக்கு முன்னால்தான் நிற்கும். அந்த இட வேறுபாட்டை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதிவைத்துவிட்டு, பேராசிரியருக்கு அவள் இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். அதில் ‘டவுட்’ என்று எழுத வந்த இடத்தில் எல்லாம் ‘குவெஸ்சன்’ என்றே எழுதினாள்.